ஊதும்போது துவளும் கை

மூன்று மாதத்துக்கு முன் இந்தப் பகுதியில், குழந்தைகளுக்கு வரும் மோயாமோயா என்ற மூளை ரத்தக்குழாய் நோயைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அபூர்வமான நோய், படிப்பவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள் என்று நினைத்தேன். வந்த கடிதங்கள் வேறு மாதிரி சொல்கின்றன. அதனால் இந்த இதழ் முழுவதும் அதற்கே.

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. ஒன்றரை வருடமாக, ஏங்கி ஏங்கி அழுதால் வலது கை துவண்டுவிடும். பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். பிறந்தநாள் அன்று பலூன் ஊதும்போதும் அப்படி ஆனது, வாயும் கோணியது. மாமியார் வலிப்பு என்று நினைத்து சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். ஒரு டாக்டர் வலிப்பு மருந்து எழுதினார். இன்னொருவர், செல்லம் அதிகம், காரியம் சாதிக்க நடிக்கிறாள் என்றார். இப்போது எம்.ஆர்.ஐ. எடுத்து மோயாமோயா என்கிறார்கள். தலையில் ஆபரேஷனாம். பிள்ளை நன்றாகத்தான் ஓடி ஆடுகிறாள். மாத்திரையிலேயே காலத்தை ஓட்ட முடியாதா?
— ஒரு தாய், மன்னார்குடி

பதில்: உங்கள் மகள் நடிக்கவில்லை. இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லுங்கள். அவள் காதில் விழும்படி சொல்லுங்கள். ஒன்றரை வருடமாக நடிப்பு என்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்கு அதுவே பெரிய ஆறுதல்.

நீங்கள் மன்னார்குடிக்காரர், நானும் டெல்டாவில் பிறந்தவள். வாய்க்கால் கணக்கிலேயே சொல்கிறேன். கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்கு ஏறுகிற பெரிய ரத்தக்குழாய்கள், மண்டைக்குள் போய்க் கிளை பிரியும் இடத்தில் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல சுருங்குகின்றன. கொழுப்பு படிந்து அல்ல. குழாயின் உள்சுவரே தடித்துப்போகிறது. தலைவாய்க்கால் தூர்ந்தால் தண்ணீர் கரையை அரித்துக்கொண்டு சிறு சிறு கசிகாலாகப் போகுமே, அதுபோல மூளையின் அடிப்பகுதியில் முடி போன்ற மெல்லிய குழாய்கள் ஏராளமாகக் கிளம்பிவிடும். ஆஞ்சியோகிராம் படத்தில் அவை சாம்பிராணிப் புகை எழுந்து நிற்பதுபோலத் தெரியும். ஜப்பானில் 1957-இல் டகேயுச்சி, ஷிமிசு என்ற மருத்துவர்கள் இந்த நோயை முதலில் விவரித்தார்கள். 1969-இல் சுசுகி, டகாகு என்ற இருவர் அந்தப் புகைத் தோற்றத்தை வைத்துப் பெயர் சூட்டினார்கள். மோயாமோயா என்றால் ஜப்பானிய மொழியில் புகைபோல மங்கலாக இருப்பது. ஜப்பான், கொரியா பக்கம் அதிகம். ஆனால் எல்லா நாட்டிலும் உண்டு, நம் ஊரிலும் உண்டு. குழந்தைகளில் ஐந்து முதல் பத்து வயதுக்குள் அதிகமாகத் தெரியவரும். பெண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம்.

சரி, அழுதால் ஏன் கை துவள வேண்டும்? அழும்போதும் பலூன் ஊதும்போதும் மூச்சு வேகமாகப் போய் வருகிறது. அதில் ரத்தத்திலிருக்கும் கரியமில வாயு குறைந்துவிடும். அந்த வாயு குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். எனக்கும் உங்களுக்கும் லேசாகத் தலை கிறுகிறுப்பதோடு போய்விடும். உங்கள் மகளுக்கு ஏற்கெனவே முறைவைத்துத் தண்ணீர் விடுகிற நிலைமை. இன்னும் கொஞ்சம் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை. அவளுடைய கடைமடை, வலது கையை இயக்குகிற இடது மூளை. மூச்சு சீரானதும் தண்ணீர் வந்துவிடும், கையும் வந்துவிடும். ஒவ்வொரு தடவையும் அப்படி வந்துவிடும் என்று எண்ணி இருந்துவிட முடியாது. வராமல் போகிற தடவைக்குத்தான் பக்கவாதம் என்று பெயர்.

இதை நான் ஏட்டில் படித்து மட்டும் சொல்லவில்லை. பயிற்சி முடித்த புதிதில் நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், ஐந்து வயதுப் பெண் பிள்ளைக்கு வலிப்பாக இருக்கலாம் என்று, மூளையின் மின் அலைகளைப் பதிகிற இ.இ.ஜி. எடுத்தோம். அந்தச் சோதனையில் வேகமாக மூச்சு விடச் சொல்வார்கள். சிறு பிள்ளைகள் சொன்னால் செய்யாது என்பதால் காகிதக் காற்றாடி ஒன்றைக் கையில் கொடுத்து ஊதச் சொல்வார்கள். மஞ்சள் காற்றாடி. ஆசையாக ஊதினாள். மூன்று நிமிடம் முடியப்போகும்போது காற்றாடி கையிலிருந்து நழுவிக் கட்டிலுக்குக் கீழே விழுந்தது. எடுக்கப் பார்த்தாள், கை எழும்பவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். கால் மணி நேரத்தில் கை சரியானது. நாங்கள் 'வலிப்பு' என்று எழுதி மருந்து கொடுத்து அனுப்பினோம். இரண்டு மாதம் கழித்து அவளுடைய அப்பா தூக்கிக்கொண்டு வந்தார். அந்தத் தடவை கை திரும்பவில்லை, பேச்சும் போயிருந்தது. அதற்குப் பிறகு, அழுதால் கை துவளுகிறது என்று ஒரு தாய் சொன்னால் நான் காற்றாடியைக் கொடுக்க விடுவதில்லை. முதலில் எம்.ஆர்.ஐ., கூடவே ரத்தக்குழாய்ப் படம்.

இப்போது உங்கள் கேள்வி. மாத்திரை என்பது ஆஸ்பிரின். அது ரத்தக்கட்டி சேராமல் பார்த்துக்கொள்ளும். சுருங்குகிற குழாயை விரிக்காது, சுருங்குவதை நிறுத்தவும் செய்யாது. அதை நிறுத்துகிற மருந்து இன்றுவரை கிடையாது. சிகிச்சை இல்லாமல் விட்டால் ஐந்து வருடத்துக்குள் மூன்றில் இரண்டு பங்கு பேர்வரை நோய் முற்றுகிறது. பிள்ளை ஓடி ஆடுகிறாள் என்பதை நீங்கள் ஆபரேஷன் வேண்டாம் என்பதற்குக் காரணமாகச் சொல்கிறீர்கள். எனக்கு அதுவேதான் ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்குக் காரணம். ஓடி ஆடுகிற மூளையைக் காப்பாற்றத்தான் அந்த ஆபரேஷன். கெட்டுப்போன பகுதியை அது திருப்பித் தராது.

ஆபரேஷன் என்றால் மூளைக்குள் ஆழமாகப் போவதில்லை. காதுக்கு முன்னால் விரல் வைத்தால் துடிக்கிறதே, அந்த உச்சந்தலைத் தோல் ரத்தக்குழாயைப் பக்கத்து வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு அதை மூளையின் ரத்தக்குழாயோடு நேரடியாகத் தைத்து இணைப்பார்கள். சிறு பிள்ளைகளின் குழாய்கள் மிக மெல்லியவை என்பதால், பெரும்பாலும் அதை மூளையின் மேற்பரப்பில் படுக்கவைத்துத் தைத்துவிடுவார்கள். தண்ணீருக்கு ஏங்கியிருக்கும் மூளை அதிலிருந்து புதுக் குழாய்களைத் தானே இழுத்துக்கொள்ளும். குழந்தைகளிடம் இது நன்றாகவே நடக்கிறது. ஆனால் உடனே நடக்காது, மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அதுவரை கை துவள்வது ஒன்றிரண்டு முறை வரலாம். ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று பயப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் நோய் இருந்தால் இன்னொரு பக்கத்துக்கும் செய்ய வேண்டியிருக்கும்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆபரேஷன் நேரத்திலும் அடுத்த சில நாட்களிலும் பக்கவாதம் வரும் வாய்ப்பு கொஞ்சம் உண்டு. அதனால்தான் இதை அடிக்கடி செய்கிற கைக்குப் போக வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம், பெங்களூரு நிம்ஹான்ஸ், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் செய்கிறார்கள். எங்கே போனாலும், இதுவரை எத்தனை குழந்தைகளுக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல சர்ஜன் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்னொன்று, இதைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஆபரேஷனுக்கோ ஸ்கேனுக்கோ வெறும் வயிற்றில் இருக்கச் சொல்வார்கள். காலை எட்டு மணி என்பது பகல் ஒரு மணி ஆகும். சாதாரணப் பிள்ளை தாங்கும், இந்தப் பிள்ளை தாங்காது. உடம்பில் நீர் வற்றினால் ரத்த ஓட்டம் குறைந்துவிடும். முந்தின நாளே சேர்த்து, பட்டினி தொடங்கும் நேரத்திலிருந்து குளுக்கோஸ் பாட்டில் போட வேண்டும் என்று கேளுங்கள். முதல் கேஸாக எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஊசி குத்துமுன் மரத்துப்போகும் களிம்பு தடவச் சொல்லுங்கள். நீங்கள் அதிகாரம் செய்வதாக யாராவது நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: டாக்டரம்மா, என் பேத்திக்கு நாலு வயசு, இதே வியாதி. அடுத்த மாதம் ஆபரேஷன். அதற்கு முன்னால் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்த நேர்ந்துகொண்டிருக்கிறோம். அழவிடாதே, அழவிடாதே என்று என் மகன் பயந்து சாகிறான். பிள்ளை எதைக் கேட்டாலும் வாங்கிக் கொடுத்துவிடுகிறான். அழாமல் ஒரு பிள்ளையை வளர்க்க முடியுமா?
— ஒரு பாட்டி, விருதுநகர்

பதில்: அம்மா, முடியாது. உங்கள் மகனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். இரண்டு சொட்டுக் கண்ணீர் ஒன்றும் செய்யாது. நாம் பயப்பட வேண்டியது மூச்சு வாங்க, தேம்பித் தேம்பி விடாமல் அழுவதற்கு. அது தொடங்குமுன் தடுக்கப் பாருங்கள். தொடங்கிவிட்டால் அதட்டாமல் தூக்கி மடியில் வைத்து, நீங்கள் மெதுவாக மூச்சு விட்டுக் காட்டுங்கள், பிள்ளை கூடவே விடும். முகத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டாம். கை துவண்டால் தலையணை இல்லாமல் மட்டமாகப் படுக்கவையுங்கள். கை சரியாகும்வரை வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம், புரை ஏறிவிடும். சில நிமிடத்தில் சரியாகாவிட்டாலோ, பேச்சு குழறினாலோ 108-ஐக் கூப்பிட்டுவிடுங்கள். சரியாகிவிட்டாலும் அன்றைக்கே டாக்டருக்குச் சொல்லிவிட வேண்டும்.

கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுப்பது வேண்டாம். முடியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடைக்குப் போகுமுன்னே, இன்றைக்கு பிஸ்கட் மட்டும் என்று பேசி முடித்துவிட்டுப் போனால் கடைவாசலில் புரளுவது பாதி குறையும். பசியும் தூக்கமும் சேர்ந்த நேரத்தில் எங்கேயும் தூக்கிப் போகாதீர்கள்.

காது குத்துவதை இப்போது தள்ளிப்போடுங்கள். எனக்கு வேண்டுதலைத் தடுக்க மனமில்லை. ஆனால் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்தும்போது பிள்ளை போடும் சத்தம் உங்களுக்குத் தெரியும். வெயில், கூட்டம், மேளம், சாப்பிடாத வயிறு எல்லாம் சேரும். ஆஸ்பிரின் சாப்பிடுவதால் ரத்தமும் கொஞ்சம் கூடுதலாகக் கசியும். ஆபரேஷன் முடிந்து, புதுக் குழாய்கள் வந்துவிட்டன என்று படம் எடுத்துப் பார்த்த பிறகு, மரத்துப்போகும் களிம்பு தடவிக் குத்திக்கொள்ளலாம். மொட்டையையும் அப்போதே வைத்துக்கொள்ளுங்கள். தழும்பு நன்றாக ஆறியிருக்க வேண்டும், அந்த இடத்தில் கத்தி படுமுன் சர்ஜனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருங்கள். என் அம்மா அப்படித்தான் செய்வாள்.

கேள்வி: ஆஸ்பிரின் தினமும் கொடுக்கிறோம். காய்ச்சல் வந்தால் நிறுத்தலாமா? எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் அம்மை போட்டிருக்கிறது. அம்மை போட்டால் எந்த மருந்தும் கொடுக்கக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள்.
— ஒரு தந்தை, பரமக்குடி

பதில்: கேட்டீர்களே, நல்லது. இந்த நோயில் மருந்தைத் தவறாக நிறுத்துவதும் ஆபத்து, தவறாகத் தொடர்வதும் ஆபத்து.

சாதாரணச் சளிக் காய்ச்சலில் நீங்களாக நிறுத்தக் கூடாது. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். இபுப்ரோஃபென் கலந்த சிரப் வேண்டாம், அது ஆஸ்பிரினின் வேலையைக் கெடுக்கும். மருந்துக்கடையில் வாங்கும்போது பாட்டிலில் பெயரைப் படித்துவிட்டு வாங்குங்கள், பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் கலந்த சிரப்புகள் நிறைய விற்கின்றன. வாந்தியும் பேதியும்தான் எனக்குக் காய்ச்சலைவிடக் கவலை. முதல் பேதியிலேயே ஓ.ஆர்.எஸ். தொடங்குங்கள், குடித்தது நிற்காவிட்டால் சாயங்காலம்வரை பார்க்காமல் டிரிப் போடக் கூட்டிப்போய்விடுங்கள்.

சின்னம்மையும் ஃபுளூ காய்ச்சலும் வேறு சங்கதி. அந்த இரண்டு கிருமிகளோடு ஆஸ்பிரின் சேர்ந்தால், ரேய் நோய் என்ற ஒன்று அபூர்வமாக வரலாம். கல்லீரலையும் மூளையையும் தாக்கும், உயிருக்கே ஆபத்து. அதனால் ஒரு கொப்புளம் தெரிந்தாலும் அன்றைக்கே உங்கள் நரம்பியல் டாக்டரைக் கூப்பிடுங்கள். ஆஸ்பிரினை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்றுவதா என்பதை அவர் சொல்வார். வேப்பிலை கட்டுங்கள், விளக்கேற்றுங்கள், அதில் எனக்கு ஒரு எதிர்ப்பும் இல்லை. ஆனால் டாக்டருக்குச் சொல்லாமல் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை காத்திருக்காதீர்கள்.

தெருவில் அம்மை இருக்கிறது என்றால் இந்த வாரமே தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். சின்னம்மைத் தடுப்பூசி அரசின் இலவசப் பட்டியலில் இல்லை, காசு கொடுத்துப் போட வேண்டும். அது உயிருள்ள கிருமித் தடுப்பூசி என்பதால் ஆஸ்பிரின் சாப்பிடும் பிள்ளைக்கு எப்போது, எப்படிப் போடுவது என்பதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். ஃபுளூ ஊசி வருடம் ஒரு முறை. அதில் இந்தச் சிக்கல் இல்லை.

கேள்வி: என் வகுப்பில் ஆபரேஷன் முடிந்த ஒரு மாணவி மூன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். அவளை எப்படிப் பார்த்துக்கொள்வது?
— ஒரு ஆசிரியை, அறந்தாங்கி

பதில்: டீச்சர், உங்களிடம் நான் கேட்பது முதலில் கழிப்பறை. நம் பள்ளிகளில் பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குப் போகப் பயந்தும் கூச்சப்பட்டும் தண்ணீரே குடிப்பதில்லை. காலையில் கொண்டுபோன பாட்டில் குறையாமல் அப்படியே வீட்டுக்குத் திரும்பும். உங்கள் மாணவிக்குத் தண்ணீர் மருந்து மாதிரி. இரண்டு பீரியடுக்கு ஒருமுறை நீங்களே பாட்டிலைக் கையில் கொடுத்துக் குடிக்க வையுங்கள். எழுந்து போகக் கேட்டால் விடுங்கள், முடிந்தால் ஆசிரியர்களின் கழிப்பறையைத் திறந்து கொடுங்கள்.

வெயிலில் பிரேயரில் நிற்கவைக்க வேண்டாம். ஓட்டப்பந்தயம், பலூன், சோப்புக் குமிழ், ஊதல் இவை வேண்டாம். மதிய உணவு சூடாக இருந்தால் ஊதி ஊதிச் சாப்பிடாமல் ஆறவைத்துக் கொடுங்கள். இது பலருக்கும் தோன்றாது. ஜப்பானில் சூடான நூடுல்ஸ் ஊதிச் சாப்பிடும்போது கை துவளுவது பெற்றோர் வழக்கமாகச் சொல்லும் கதை. யோகா வகுப்பில் கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சுப் பயிற்சிகள் கூடவே கூடாது. ஆசனம் செய்யட்டும். நடக்கட்டும், கோலமிடட்டும், கேரம் விளையாடட்டும்.

ஆபரேஷன் செய்த பக்கம் இறுக்கமான தலைப்பட்டையோ, காதுக்கு மேலே அழுத்தும் கண்ணாடியோ வேண்டாம். புது ரத்தம் அந்த வழியாகத்தான் போகிறது.

கையிலிருந்து பென்சில் அடிக்கடி நழுவினால், எழுத்து திடீரென்று கோணலானால், பாதி வாக்கியத்தில் வார்த்தை கிடைக்காமல் விழித்தால், காலையில் தலைவலி என்று மேஜையில் சாய்ந்தால், திட்டாமல் பெற்றோரைக் கூப்பிடுங்கள். தேதியும் நேரமும் ஒரு நோட்டில் குறித்துவைத்தால் டாக்டருக்கு அது பெரிய உதவி. இந்தப் பிள்ளைகளில் சிலருக்குப் பேச்சும் நடையும் நன்றாக இருந்தும், ஒன்றன்பின் ஒன்றாகத் திட்டமிட்டுச் செய்வது, கவனத்தை ஒரே இடத்தில் வைப்பது மெதுவாகத்தான் வரும். சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள். கையில் பலவீனம் மிச்சம் இருந்தால் மாவட்ட அரசு மருத்துவமனையின் ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். 18 வயதுவரை இலவசமாகப் பார்ப்பார்கள்.

கேள்வி: நாங்கள் அத்தை மகன், மாமன் மகள். அதனால்தான் மகனுக்கு மோயாமோயா வந்தது என்கிறார்கள். சின்னவனுக்கும் வருமா?
— பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: உங்கள் திருமணத்தால்தான் வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஜப்பானில் பத்தில் ஒருவருக்குத்தான் குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருக்கிறது. அங்கே ஆர்.என்.எஃப். 213 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் 2011-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அது இருப்பவர்களிலும் பெரும்பாலானோருக்கு நோய் வருவதில்லை. சின்னவனுக்கு ஒரு அறிகுறியும் இல்லை என்றால் நான் ஸ்கேன் எடுக்கச் சொல்ல மாட்டேன். குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருந்தால் எடுக்கச் சொல்வேன். டவுன் சிண்ட்ரோம், அரிவாள் செல் ரத்தசோகை, உடம்பில் காபி நிறத் திட்டுகளோடு வரும் நியூரோஃபைப்ரோமடோசிஸ் இருக்கும் பிள்ளைகளுக்கும், மூளைக்கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுத்த பிள்ளைகளுக்கும் இது வரலாம். அவர்களுக்குக் கை துவண்டால் தாமதிக்கக் கூடாது. மற்றபடி, நீங்களும் உங்கள் கணவரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள். பிள்ளைக்கு நீங்கள் இரண்டு பேரும் வேண்டும்.

கேள்வி: எங்களுடையது நாகஸ்வரக் குடும்பம். மகனுக்கு ஒன்பது வயது. சீவாளியில் ஊதிப் பழகும்போதுதான் வாய் கோணி நோய் தெரியவந்தது. இரண்டு பக்கமும் ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு தடவைகூட மறுபடி வரவில்லை. எப்போது ஊதலாம் என்று தினமும் கேட்கிறான்.
— ஒரு தந்தை, திருவாரூர் பக்கம்

பதில்: எட்டு மாதம் வரவில்லை என்பதைப் படித்ததும் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. ஆனாலும் இப்போது வேண்டாம். ஒரு வருடம் ஆனதும் ரத்தக்குழாய்ப் படமும், மூளையின் ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு ரத்தம் போகிறது என்று பார்க்கும் ஸ்கேனும் எடுங்கள். இரண்டு பக்கமும் நன்றாக இருந்தால் சர்ஜனிடம் கேளுங்கள். நாகஸ்வரத்துக்கு வேண்டிய மூச்சு பலூன் ஊதுவதைவிடப் பல மடங்கு. அதனால் அவர் 'இன்னும் பொறு' என்றாலும் வருத்தப்படாதீர்கள்.

உங்கள் வீட்டில் தவில் இருக்குமே. குச்சி பிடிக்கும் கைக்கும் கூடு மாட்டும் விரல்களுக்கும் அதைவிட நல்ல பயிற்சி எந்த பிசியோதெரபி அறையிலும் கிடையாது. தாளம் முழுவதும் இப்போது படித்துக்கொள்ளட்டும். வாய்ப்பாட்டாக ராகங்களும் பழகட்டும், மெதுவான காலத்தில், மூச்சு முட்டாமல். இடையில் தண்ணீர் குடித்துக்கொண்டு. சீவாளியை எடுத்துப் பூட்டி வைக்காதீர்கள். அவன் கண்ணில் படும் இடத்திலேயே இருக்கட்டும். ஸ்கேன் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.